கோகிலவாணி எடுத்த கப்பல்

எங்கள் ஊரில் யாருக்கு எந்தக் கன்னத்தில் மரு, யாருக்கு எந்தக் கண் சற்றுச் சிறியது, எந்த மாப்பிள்ளைக்கு முன்பல் துருத்திக்கொண்டிருந்தது என்பதெல்லாம் கோகிலவாணிக்கு அத்துப்படி. கம்பைநல்லூர் கடைவீதியில் மாடியில் இருக்கிற சென்னப்பன் ஸ்டுடியோவின் உள்ளறையில், ஜன்னல் இல்லாத மூலையில், கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வெளியே போய்ப் படம் எடுத்து வருவது கணவன் சென்னப்பன். அந்தப் படங்களில் வேர்வையைத் துடைப்பதும், பருவை எடுப்பதும், மணமேடைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் சாம்பார் வாளியை மறைப்பதும், வர முடியாமல் போன தாய்மாமனைப் பழைய படத்திலிருந்து வெட்டிக்கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவதும் அவள்.

மொரப்பூர் பக்கம் மரவள்ளி போடுகிற குடும்பத்துப் பெண். தருமபுரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தாள். ஓசூரில் வேலைக்குப் போகலாம் என்று இருந்தவளை, "நம்ம கடையிலயே கம்ப்யூட்டர் இருக்குதே" என்று சொல்லிக் கட்டிக்கொண்டான் சென்னப்பன். போட்டோஷாப்பை அவளாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். கேமராவைத் தொட்டது பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும்தான். கணவன் இல்லாத நேரத்தில் யாராவது வந்தால், "தோள எறக்குங்க. கண்ண மூடாதீங்க" என்று சொல்லி அழுத்துவாள். என்னையும் ஒருமுறை அப்படி எடுத்திருக்கிறாள். அந்தப் படத்தில்தான் நான் மனிதன் மாதிரி இருக்கிறேன்.

பாரதி வந்து சேர்ந்தது ஒரு தை மாதத்தில். அரூர்க்காரி. சேலத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஸ்கூட்டியில் வருவாள். கால்சட்டை முழுக்கப் பாக்கெட். ஒன்றில் பேட்டரி, ஒன்றில் லென்ஸ் மூடி, ஒன்றில் கடலைமிட்டாய். பெண் வீட்டார் எல்லாரும் "கேண்டிட் வேணும்" என்று கேட்க ஆரம்பித்த காலம் அது. நிற்க வைக்காமல், ஆட்கள் தம் பாட்டுக்கு இருக்கும்போதே எடுக்கிற அந்தக் கேண்டிட் சென்னப்பனுக்கு வரவில்லை. அதனால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அவளைக் கூப்பிட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் "பாரதி சொன்னா" என்பது தொடங்கியது.

"பாரதி சொன்னா, மண்டபத்து மஞ்ச லைட்ட அணைச்சிட்டு ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கலாம்னு. என்னா மாதிரி வந்துச்சி தெரியுமா!" என்றான் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டே.

கோகிலவாணி ரசத்தை ஊற்றினாள். மஞ்சள் விளக்கில் எடுத்துக்கொண்டு வந்து என் உயிரை வாங்காதீர்கள் என்று எத்தனையோ வருஷமாக அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது வீட்டுப் புலம்பல். பாரதி சொன்னால் அது தொழில்.

பாரதி சென்னப்பனை அண்ணா என்றாள், இவளை அக்கா என்றாள். அதிலும் இவளுக்கு ஒரு முள் இருந்தது. "அவர அண்ணான்னு கூப்பிடற. அப்ப நான் அண்ணிதான? என்னய எதுக்கு அக்காங்கற?" என்று கேட்டே விட்டாள்.

"அண்ணின்னா பெரியவங்கள கூப்பிடற மாதிரி இருக்குங்க்கா. உங்களுக்கு என்னா வயசாயிடுச்சி?" என்று பாரதி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தாள் கோகிலவாணி. கிடைக்கவில்லை. கிடைக்காததில் ஆத்திரம் இன்னும் கூடியது.

அவள் கையில் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. ஆல்பம் அவள் செய்வது. பாரதி எடுத்த நல்ல படங்களை ஒதுக்கிவிட்டு, கணவன் எடுத்த விறைத்துப்போன வரிசைகளையே பக்கம் பக்கமாக வைத்தாள். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணோடு பாரதியும் நின்று எடுத்துக்கொண்ட படம் வந்தது. பாரதி முகத்தின் மேல் இருந்த வெளிச்சத்தை மட்டும் ஒரு பிடி இறக்கினாள். யாருக்கும் தெரியாது. தனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

இப்படி இருக்கையில்தான், கோடையில் மேட்டூர் அணைத் தண்ணீர் இறங்கி, நாகமரைப் பக்கம் கப்பல் தெரிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு வந்தது. கப்பல் என்று சொல்வது நம் ஆட்களின் வாய். அது அக்கரைக்கு ஆட்களையும் பைக்குகளையும் ஏற்றிப்போன பெரிய இரும்புப் படகு. முன்னொரு வெள்ளத்தில் கட்டறுத்துக்கொண்டு போய் மூழ்கியது. உள்ளே யாரும் இல்லாததால் அதை யாரும் தேடவும் இல்லை. இப்போது வெடித்த சேற்றில் பாதி புதைந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, துருப்பிடித்துக் கிடந்தது. போனில் எடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒன்று வானம் வெளுத்துப்போனது, இல்லை கப்பல் கரியாகிப்போனது.

"அத எச்.டி.ஆர்-ல எடுக்கணும்னு பாரதி சொன்னா" என்றான் சென்னப்பன். "கேமராவ ஸ்டாண்டுல அசையாம வெச்சிட்டு, ஒரே எடத்த இருட்டா ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு எடுக்கறது. நீ மூணையும் ஒண்ணா சேத்துடு. வானமும் வரும், கப்பலும் வரும். கண்ணால பாக்கற மாதிரியே இருக்கும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் கோகிலவாணி. அவளுக்கு நிஜமாகவே தெரியும். ஆனால் அவன் காதில் அது விழவில்லை.

விடிகாலையில் இருவரும் ஆம்னி வேனில் கிளம்பி, தருமபுரி, பென்னாகரம், ஏரியூர் வழியாகப் போய், மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். முழங்கால் வரை சேறு. இருவர் மூக்கும் வெயிலில் சிவந்திருந்தது. சென்னப்பன் பாரதியை "கேப்டன்" என்றான். பாரதி அவனை "மாலுமி" என்றாள். இருவரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று கோகிலவாணி கேட்கவில்லை. கேமரா கார்டை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

ஒவ்வொரு காட்சியும் மும்மூன்று படமாக இருந்தது. ஒன்றில் வானம் நீலமாக, கப்பல் வெறும் நிழலாக. அடுத்ததில் சுமாராக. அதற்கடுத்ததில் துரு ஒவ்வொரு செதிலாகத் தெரிய, வானம் வெள்ளைத்தாளாக. ஒரு காட்சியை எடுக்கும்போது, கப்பல் மேல் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுக்கச் சென்னப்பன் குறுக்கே ஓடியிருக்கிறான். மூன்றையும் சேர்த்தபோது, அவன் உடம்பு வழியாகப் பின்னால் இருந்த இரும்பு தெரிந்தது. ஆவி மாதிரி இருந்தான்.

அவற்றுக்கு நடுவே தனியாக ஒரு படம். கப்பலின் மூக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரிக்கிறான் சென்னப்பன். நரைத்த தாடியில் வெயில் பட்டிருந்தது. அந்த மனிதனோடு அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அவள் பார்க்காத ஒன்றை வேறொருத்தி பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு நிற்காமல் எடுத்தும் வைத்திருக்கிறாள்.

படத்தை அழித்தாள். கார்டிலும் அழித்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பாரதி கேட்டாள். "அக்கா, அண்ணா கப்பல் மூக்குல உக்காந்திருப்பாரே, அந்தப் படம் எங்க?"

"கார்டுல ஏதோ எர்ரர். நாலஞ்சி படம் வரல."

பாரதி அவளையே பார்த்தாள். "அப்பிடீங்களா" என்றாள்.

கப்பல் படங்களைச் சேர்த்துப் பார்த்ததில் வேறொரு குறையும் இருந்தது. வெளிப்புறம் எல்லாம் வந்துவிட்டது. கப்பலின் உட்பக்கம் மட்டும் குகை மாதிரி கறுத்துக் கிடந்தது. வெளிச்சத்தை ஏற்றினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. அதைச் சொல்லும்போது கோகிலவாணியின் குரலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. "மூணு பத்தாது. உள்ளுக்குன்னு இன்னும் ரெண்டு படம் நல்லா வெளிச்சமா எடுத்திருக்கணும். உங்க கேப்டனுக்கு அது தெரியலியா?"

"இங்க ஃபேனுக்கு அடியில உக்காந்துகிட்டு எல்லாம் பேசலாம்" என்று சென்னப்பன் எரிந்து விழுந்தான். "அந்த வெயில்ல, அந்தச் சேத்துல, நீ வந்து எடு பாக்கலாம்."

"வரன்" என்றாள்.

அவனே எதிர்பார்க்கவில்லை. பாரதிதான் உடனே, "அக்கா சொல்றது சரிதாண்ணா. அடுத்த ஞாயித்துக்கெழம மூணு பேருமே போலாம்" என்றாள். அவள் ஒத்துக்கொண்டது கோகிலவாணிக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை.

கப்பலை நேரில் பார்த்ததும் கோகிலவாணி முதலில் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். திரையில் கையளவு பார்த்தது, இங்கே இரண்டு லாரி நீளத்துக்குக் கிடந்தது. தகடு தொட்டால் உதிர்ந்தது. தொலைவில் ஈரம் காய்ந்த இடத்தில் யாரோ எள் விதைத்திருந்தார்கள்.

அவளே ஸ்டாண்டை விரித்தாள், அவளே கேமராவைப் பூட்டினாள். ஐந்து படம். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தை மாற்றி மாற்றி, புத்தகத்தில் சொன்ன மாதிரி எடுத்தாள். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. சென்னப்பன் பெரிதாக்கிப் பார்த்தான். முதல் படத்தில் இருந்த ஆணி, ஐந்தாவது படத்தில் ஒரு விரல் மேலே போயிருந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றில் இறங்கியிருக்கிறது, அவள் கவனிக்கவில்லை. சேர்த்தால் இரண்டு கப்பல் தெரியும்.

சென்னப்பன் கைகொட்டிச் சிரித்தான். "ஃபேன் காத்துல இந்தப் பிரச்சன இல்லல்ல?"

பாரதி சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்து, ஒரு தட்டைக் கல்லைத் தேடித் தூக்கிக்கொண்டு வந்து, பேசாமல் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தாள். அவன் சிரித்ததைவிட இவள் சிரிக்காமல் இருந்ததுதான் கோகிலவாணிக்குச் சுருக்கென்று தைத்தது. "போதும், வெயிலு ஏறிடுச்சி" என்று கேமராவைக் கழற்றிவிட்டாள். வருகிற வழியெல்லாம் வண்டியின் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். முன்னால் இருவரும் லென்ஸ் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அதோடு விட்டிருப்பாள். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கப்பலின் உட்பக்கம் வந்தது. வெளியே நின்று எடுக்கும் படம் இல்லை அது, உள்ளே போய் வெளியே பார்த்து எடுக்க வேண்டிய படம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதைக் கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் அது "பாரதி சொன்னா" என்று ஆகிவிடும்.

கர்நாடகத்தில் மழை பிடித்தது. ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடுகிறது என்று செய்தி வந்த மறுநாள், நாகமரைப் பரிசல்காரர் அர்ச்சுனன் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டார். "தண்ணி கப்பல தொட்டுருச்சிங்க. எடுக்கறதுன்னா இன்னைக்கே வந்துருங்க. அப்பறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

சென்னப்பன் முகூர்த்தத்துக்குப் போயிருந்தான். அவர்களுடைய மகள் பள்ளிக்கூடத்தில். கோகிலவாணி கேமராப் பையை எடுத்தாள், பூட்டைப் போட்டாள், பாரதிக்குப் போன் செய்தாள். அந்த ஊருக்கு வழி தெரிந்த, வண்டி ஓட்டத் தெரிந்த வேறு ஆள் அவளுக்கு இல்லை. பாரதியின் ஸ்கூட்டியில் இருவரும் கிளம்பினார்கள். ஏரியூர் தாண்டியதும் கோகிலவாணி பின்னால் இருந்து காதருகே சொன்னாள்.

"அந்தப் படம். கார்டு கெடல. நான்தான் அழிச்சன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டன். கார்டுன்னு சொன்னீங்க. சரின்னு புதுக் கார்டு வாங்கிட்டன்." கொஞ்ச தூரம் போனதும் பாரதி மறுபடியும் பேசினாள். அவள் குரல் மாறியிருந்தது. "எனக்கும் உங்க மேல கடுப்புதான்க்கா. அந்தப் பாப்பாரப்பட்டி கல்யாண ஆல்பத்த எங்கம்மாவுக்குக் காட்டணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனன். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பொரட்டறன், நான் எடுத்த படம் ஒண்ணுகூட இல்ல. எங்கம்மா கேக்குது, அன்னைக்கு நீ நெசமாவே போனியான்னு."

கோகிலவாணி கேமராப் பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

அர்ச்சுனன் இருவரையும் பரிசலில் ஏற்றிக்கொண்டு போய், கப்பலின் உடைந்த பக்கத்தில் நிறுத்தினார். உள்ளே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். "பாத்துப் போ தாயி. தகடு கிழிச்சிடும். சீக்கிரம் வந்துரு" என்றார். கோகிலவாணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். பாரதி தன் கேமராவோடு பரிசலிலேயே இருந்தாள். பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த இரும்பு மேடை நடுவில் இருந்தது. ஸ்டாண்டை விரிக்கவே இல்லை. மேடை மேல் துண்டை மடித்து வைத்து, அதன் மேல் கேமராவை அழுத்திப் பொருத்தினாள். அது எங்கும் இறங்காது.

எதிரே கப்பலின் வாய். அதற்கப்பால் கண் கூசுகிற வானம். பக்கத் தகடுகளில் இருந்த ஓட்டைகள் வழியாக வெயில் கயிறு கயிறாக உள்ளே விழுந்தது. வரிசையாக இருந்த துருப்பிடித்த பெஞ்சுகளுக்கு அடியில் தண்ணீர் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"பரிசல தள்ளிக்கங்க, படத்துல வருது!" என்று கத்தினாள்.

வானத்துக்கு ஒன்று. வாசலுக்கு ஒன்று. நடுவுக்கு ஒன்று. பெஞ்சுகளுக்கு ஒன்று. கடைசிப் படத்துக்கு, அந்தக் கறுப்பு மூலைக்கு, நீண்ட நேரம் கேமரா கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதை அழுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கெண்டைக்காலில் ஏதோ மீன் உரசியது. அசையவில்லை. அந்த நேரத்தில் கணவன் நினைப்பு இல்லை, பாரதி நினைப்பு இல்லை. "எம் மனசுல ஒருத்தரும் இல்ல, அப்பிடி ஒரு நிம்மதி" என்று பின்னால் ஒருநாள் அவளே சொன்னாள்.

கேமரா கண்ணை மூடியது. வெளியே வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

ஐந்து படங்களையும் அவளே சேர்த்தாள். பக்கத்தில் நின்ற சென்னப்பன், "வானத்த இன்னும் நீலமா ஏத்து, அப்பத்தான் எடுப்பா இருக்கும்" என்றான். அவள் ஏற்றவில்லை. உள்ளே நின்றபோது கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அந்த அளவில் நிறுத்தினாள். பெஞ்சின் துரு தெரிந்தது, மேகத்தின் ஓரம் தெரிந்தது, அசைந்த தண்ணீர் மட்டும் பால் மாதிரி வழவழவென்று கிடந்தது. சென்னப்பன் ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லாத்தான் வந்திருக்குது" என்றான். பெரிதாக அச்சடித்துக் கடை வாசலில் மாட்டியதும் அவன்தான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. மாடி ஏறுகிறவர்கள் எல்லாம் அந்தப் படத்தின் முன் நின்றார்கள். "யாருங்க எடுத்தது?" என்று கேட்டார்கள்.

"நம்ம ஸ்டுடியோதாங்க" என்பான் சென்னப்பன்.

இரண்டு தரம் பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் தரம் உள்ளறையிலிருந்து வெளியே வந்து, "நான் எடுத்தன்" என்றாள். வந்திருந்தவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர், மகள் கல்யாணத்துக்குப் பேச வந்தவர். "அப்ப எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு இந்தம்மாவும் வரட்டுங்க" என்றார்.

அன்றிலிருந்து கொஞ்ச காலம் சென்னப்பன் சரியாகப் பேசவில்லை. தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைத்தான். "கேமராவ மேடையில வெச்சிட்டு நின்னா யாருக்கும்தான் வரும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவள் முதன்முதலாகப் போய் எடுத்துவந்த கல்யாணப் படங்களில் மணப்பெண்ணின் கை வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து அவளிடமே காட்டினான். கோகிலவாணிக்கு அந்த நோய் நன்றாகத் தெரியும். அதன் ஒவ்வொரு படியிலும் அவள் இருந்துவிட்டு வந்தவள். பாவமாக இருந்தது. அதோடு கொஞ்சம் ருசியாகவும் இருந்தது என்பதை அவள் மறைக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் அவள் பெண் வீட்டார் பக்கமும் அவன் மாப்பிள்ளை வீட்டார் பக்கமும் நின்றார்கள். தாலி கட்டும்போது குறுக்கே வந்த உறவினரை விலக்கி, அவளுக்கு வழிவிட்டவன் அவன்தான். அதன் பிறகு தட்டின் ஓசை குறைந்தது.

பாரதி இப்போது அரூரிலேயே தனியாகச் செய்கிறாள். ஆள் பற்றாதபோது இவர்களும் அவளைக் கூப்பிடுகிறார்கள். ஆல்பத்தில் அவள் படங்கள் முன்பக்கத்திலேயே வருகின்றன.

அந்த வருஷ ஆடி மாதத்தில், அணை நிரம்பிக் கப்பல் முழுசாக மறைந்த பிறகு, பாரதி ஒரு படம் அனுப்பினாள். கோகிலவாணி உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நாளில் எடுத்தது. பரந்த பழுப்புத் தண்ணீர். படத்தின் ஓரத்தில் கப்பலின் துருப்பிடித்த மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. ஐந்து படம் சேர்த்தது இல்லை. ஒரே அழுத்தில் எடுத்தது.

கோகிலவாணி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள். இவளுடையதைவிட நன்றாக இருந்தது. பழைய எரிச்சல் கிளம்பி வந்தது. கை தானாக அழிக்கும் பொத்தான் பக்கம் போகவில்லை, அதுதான் வித்தியாசம். போனை எடுத்தாள்.

"ஏய், இத எங்க நின்னு எடுத்த? பரிசல்லயா?"

"பரிசல்லதாங்க்கா. நீங்க தள்ளிக்கன்னு கத்துனீங்களே, அப்ப."

"ஆடற பரிசல்ல எப்பிடிடி இவ்ளோ ஷார்ப்பா வந்துச்சி?"

"நேர்ல வாங்க, சொல்றன்."

"வரன். ஞாயித்துக்கெழம வரன். மட்டன் எடுத்து வெய்யி" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் அந்தப் படத்தை இன்னொரு தரம் திறந்து, குறை ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.